நிமிடக் கணக்கு

பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராய் இருப்பவன் நான். நிமிடத்தின் அருமையை எனக்குக் கற்பித்தது பள்ளியன்று, அலுவலகமே. ஒரு வண்டி கைகாட்டியருகே மூன்று நிமிடம் நின்றாலும், எங்கே நின்றது, எதனால் நின்றது என்று கார்டு எழுதி வைக்கிறார். எழுதப்படாத தாமதத்திற்குப் பின்னால் எவர் விளக்கம் கூறினும் எடுபடாது. இத்தனையும் அறிந்த நான், என் வீட்டுப் பெண் விஷயத்தில் அறிவிழந்து நின்றேன்.

28-2-2001 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூர் செல்லும் விடியற்கால ரயிலும் பிள்ளைகளின் படிப்புமே பற்றுக்கோடு. அந்த ரயிலில்தான் சென்ற ஆண்டு என் தமக்கையின் மகளை இணையவழி நுழைவுத் தேர்வு ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவள் கண்கலங்கினாள். “மாமா, பாதியில் திரை அசைவற்று நின்றுவிட்டது. வேறு கணினிக்கு மாற்றி உட்கார வைத்தார்கள். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 17 நிமிடம் போய்விட்டது,” என்றாள். நானோ, “ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்!” என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். வழி நெடுக அவள் ஒன்றும் பேசவில்லை.

சில வாரங்களுக்குப்பின் அடுத்த வீட்டு மாணவன் ஒருவன் அவளுடைய விடைப் பதிவைக் கணினியில் திறந்து காட்டினான். திரை நிற்பதற்கு முன் அவள் விடையளித்ததாகச் சொன்ன ஐந்து வினாக்கள், விடையளிக்கப்படாதவை என்று பதிவாகியிருந்தன. முறையிடுவதற்கான கெடு இரண்டு நாள் முன்னரே முடிந்திருந்தது. ஆயினும் எழுதினோம். தேர்வு நாளன்று புகார் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அன்று அதைப் பதியவிடாமல் செய்தவன் நானல்லவா?

இத்தகைய முறையீட்டுக்குப் பயன் உண்டா என்று ஐயுறுவோர் உண்டு. 2018 மே 13 அன்று நடந்த சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வை எண்ணிப் பாருங்கள். பல மையங்களில் கணினிகள் பழுதாகி, மாணவர் பலர் நேரத்தை இழந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மறுதேர்வுக்கு நீதிமன்றம் இசையவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு முறையீடுகளை ஆராய்ந்தது. ஒவ்வொருவரும் எழுதிய நேரத்தில் பெற்ற சரியும் தவறும் எந்த விகிதத்தில் இருந்தனவோ, அதே விகிதத்தில் இழந்த நேரத்திற்கும் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. 4,690 பேருக்கு அந்தக் கணக்கு பொருந்தியது. இழந்த நிமிடத்திற்கு விலை உண்டு. அது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவே.

விடைக்குறிப்பே தவறாயிருப்பதும் உண்டு. எங்கள் ரயில்வே தேர்வு வாரியத் தேர்வுகளில் வினா ஒன்றுக்கு 50 ரூபாயும் வங்கிக் கட்டணமும் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் சரியெனக் கண்டால், வங்கிக் கட்டணம் போகச் செலுத்திய தொகை திரும்பக் கிடைக்கும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். கணினி நின்றால் அக்கணமே கையை உயர்த்திக் கண்காணிப்பாளரை அழைக்க வேண்டும். நின்ற நேரத்தையும் மீண்டும் ஓடிய நேரத்தையும் மனத்தில் இருத்த வேண்டும். வெளியே வந்ததும் அவற்றைத் தாளில் எழுதி, மையப் பொறுப்பாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். அன்று மாலைக்குள் தேர்வு நடத்துவோருக்கு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். பின்னர் விடைப் பதிவு வெளியாகும் நாளையும், ஆட்சேபத்திற்கான கெடுவையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பல தேர்வுகளில் அந்தக் கெடு சில நாட்களே.

இவை அனைத்திற்கும் முன்னதாக ஒன்றுண்டு: பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

என் மருமகள் இவ்வாண்டு மீண்டும் எழுதுகிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “இந்த முறை நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா,” என்றாள். அதன்படியே நாட்காட்டியில் குறிக்கச் சிவப்பு மை வாங்கி வைத்திருக்கிறேன்.