நிறதோக்கு

சென்ற ஐப்பசி மழையில், ஒரே இரவில், மாமாவின் மரச்சீனி விளையில் பாதியைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுவிட்டன. மறுநாள் காலையில் அழைத்தார். "மக்களே, எனக்கொரு தோக்கு எடுக்கணும். நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லு" என்றார். வீட்டில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பத் தெரிந்த ஆள் என்ற ஒரே தகுதியில், மொழியியல் படித்த என்மீது அந்தப் பொறுப்பு விழுந்தது.

எங்கள் கிராமம் பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டியது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் தமிழில் துப்பாக்கி என்ற சொல் செய்தித்தாளுக்கு மட்டுமே உரியது. வீட்டில் அது தோக்குதான்.

மாமாவின் மனத்தில் இருந்தது தாத்தா வைத்திருந்த கேப்புத் துப்பாக்கி. வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கோலால் இடித்து, பின்புறம் கேப்பு பொருத்திச் சுடுவது. அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிக்கெனத் தனி வேட்டைப் பருவம் வைத்திருக்கும் மாநிலங்கள் பல. அங்கே முதல் துப்பாக்கி வாங்குபவர் குழலின் உள்ளே மரை எப்படி ஓடுகிறது, எந்தக் குண்டு பொருந்தும் என்று தேடித் தேர்ந்தெடுப்பார். இங்கே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது விளையாட்டுக்கான வேட்டைக்கு இடமே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு ஒரே ஒரு நோக்கத்தைக் குறிப்பிடுகிறது: மெய்யான பயிர்ப் பாதுகாப்பு. இதை நான் விளக்கத் தொடங்கியதும் மாமா கையை உயர்த்தினார். "தோக்கில் கயறி வெடி வைக்காதே." ஒருவர் பேசி முடிக்குமுன் குறுக்கே பாய்பவருக்கு மலையாளத்தில் சொல்வது அது.

உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் துப்பாக்கியை எங்கள் கையில் கொடுக்கவில்லை. முதலில் கேப்பு இல்லை என்பதைக் காட்டினார். பிறகு கோலைக் குழலுக்குள் இறக்கினார். கோல் அடிவரை போகாவிட்டால், உள்ளே என்றோ இட்ட மருந்து இன்னும் கிடக்கிறது என்று பொருள். பழைய துப்பாக்கி வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் சோதனை அதுவே என்றார். குழலின் உட்சுவரில் துருக்குழிகள் இருக்கக்கூடாது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்திய நிலையில் விசையை அழுத்தினால் அது விழக்கூடாது. கேப்பு உட்காரும் குமிழ் தேய்ந்திருக்கக்கூடாது. கரிமருந்து மட்டுமே இட வேண்டும். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை இட்டால் குழலே வெடித்துவிடும். மருந்தைக் குப்பியிலிருந்து நேராகக் கொட்டாமல் அளந்தே கொட்ட வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் எட்டிப் பார்க்கக்கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மருந்து ஈரம் கோத்துவிடும். பன்றி வருவதும் மழைக்காலத்தில்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கும். அப்போதும் பன்றி வரும்.

அவர் பேசப் பேச நான் சொற்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். அது என் தொழில் நோய். சுடுவதற்கு ஆயத்தமான துப்பாக்கியை மலையாளத்தில் நிறதோக்கு என்பார்கள், நிறைந்த தோக்கு. தாத்தா தமிழில் கெட்டித்த தோக்கு என்று சொல்வாராம். ஒரு மொழி கொட்டி நிறைப்பதைப் பார்த்தது. இன்னொன்று கோலால் இடித்து இறுக்குவதைப் பார்த்தது. இரண்டும் வாய்வழித் துப்பாக்கியின் நினைவைச் சுமக்கும் சொற்கள். அதற்குள் இடுவதற்கு இரண்டு மொழியிலும் மருந்து என்றே பெயர். இதையெல்லாம் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, மாமா குறிப்பேட்டைப் பார்க்காமல் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு வலது கை நடுங்குகிறது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது கேட்டார்: "ஒரு வெடி வெச்சிட்டேன். அது சாகல்லேண்ணா?"

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. மறுபடி மருந்து அளந்து, அடைப்பு இடித்து, ரவை இட்டு, கேப்பு வைக்க, பழகிய கைக்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். காயம்பட்ட பன்றி ஒரு நிமிடம் காத்திருக்காது. இருட்டில், மழையில், நடுங்கும் கையில், அடுத்த விளையில் யாரேனும் டார்ச்சுடன் நின்றிருந்தால்? பாட்டியும் இதையே வேறு விதமாகச் சொன்னார். 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையிலும், 1954 ஆகஸ்ட் 11 அன்று எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த இரண்டு நாள்களையும் கேட்டு வளர்ந்தவர் அவர். வெடி என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவராதே என்றார்.

2022 மே மாதத்தில் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. சுடுபவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். மாமா ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தார். தமிழில் நான் எழுதியதை மலையாளத்தில் அவரே மாற்றி எழுதினார்.

இது நல்ல முடிவு என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. மனு கொடுத்த பிறகும் ஒரு முறை பன்றிகள் வந்தன. அழைத்தால் வந்து சேரக்கூடிய துப்பாக்கிக்காரர்கள் மிகச் சிலர், வருவதற்குள் விடிந்துவிடுகிறது. விவசாயியின் இழப்பை விளைக்கு வெளியிலிருந்து அளப்பது எளிது. ஆனாலும் முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது குறித்து என்னிடம் கேட்டால் இப்போது ஒன்றைச் சொல்வேன்: குழலைச் சோதிக்கும் முன், படிவத்தில் "நோக்கம்" என்ற கட்டத்தை மனமறிய நிரப்பிப் பாருங்கள். மாமாவுக்காக அதில் நான் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிவிட்டிருந்தேன். அனுப்பும் முன் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார்.

"அது பாதி உள்ளதுதான் மக்களே. மீதிப் பாதி, எனக்கு அப்பாவுக்க தோக்கு வேணும்."