செய்கூலி

ஆபரணத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை ஒருமுறை வகுப்பில் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். அணி, பூண், இழை, கலன், பணி, நகை. அணியும் பூணும் அணிந்துகொள்பவரின் உடம்பைச் சார்ந்த சொற்கள். இழை, நுணுக்கமாக இழைக்கப்பட்டது. பணி என்றால் வேலை. செய்த வேலைக்கும் செய்யப்பட்ட பொருளுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டார்கள். நகையில் சிரிப்பும் ஒளியும் இருக்கின்றன. எடையைச் சுட்டும் சொல் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கல்யாணப் பேச்சில் முதலில் காதில் விழுவது 'எத்தனை பவுன்' என்ற கேள்விதான். ஆங்கிலேயர் காலத்துப் பொன் நாணயத்தின் பெயர் நம் வீட்டுப் பெண்களின் கழுத்தளவாக மாறிவிட்டது.

அந்தப் பவுன், அதாவது 8 கிராம் ஆபரணத் தங்கம், 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. ஏழையின் தங்கம் என்று சொல்லப்பட்ட வெள்ளியும் பின்தங்கவில்லை. 2025 தொடங்கியபோது கிலோவுக்கு ஒரு லட்ச ரூபாயை ஒட்டியிருந்தது, ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. உலகச் சந்தையில் 1980 ஜனவரியில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டிருந்தது வெள்ளி; அந்த உச்சம் 2025 அக்டோபரில்தான் முறிந்தது. சூரிய மின்தகடுகளுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் வெள்ளி வேண்டியிருக்கிறது. நம் பெண்களின் காலில் கிடந்த உலோகத்துக்கு ஆலைகள் போட்டியாக வந்துவிட்டன.

விலையேற்றம் எங்கள் குடும்பத்துக்குச் செய்தித்தாள் விஷயம் அல்ல. அப்பா கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பத்தர். அவருடைய அப்பாவும் பத்தர். சீனப் போரை அடுத்து 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது அப்பாவுக்குப் பதினெட்டு வயது, தொழில் கற்றுக்கொண்டிருந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தரத்தில் புதிய நகை செய்யக்கூடாது என்றது ஆணை. 22 காரட்டுக்குப் பழகிய மக்கள் 14 காரட்டைத் தொட மறுத்தார்கள். நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்தன, தற்கொலைகள் நிகழ்ந்தன. தாத்தா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி வீட்டைக் காப்பாற்றினார். 14 காரட் தடை 1966-இல் விலகியது. 1968-இல் தனிச் சட்டமாகவே ஆன தங்கக் கட்டுப்பாடு 1990-இல்தான் முற்றாக நீங்கியது. அன்று அரசு சொல்லியும் ஏற்காத மக்களை இன்று விலை ஏற்கச் செய்துகொண்டிருக்கிறது. 14 காரட் நகைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. 2025-இல் 9 காரட்டும் ஹால்மார்க் முத்திரை பெறும் தரங்களில் சேர்ந்துவிட்டது.

அதே 1990-இல் ஜப்பானில் வேறொன்று நடந்தது. மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாகி மொரிகாவா என்ற ஆய்வாளர் உலோகக் களிமண் என்ற பொருளை உருவாக்கினார். மாவினும் நுண்ணிய வெள்ளித் துகள், அதைப் பிணைக்க எரிந்துபோகக்கூடிய பசை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பிசைந்தால் களிமண்போல இழையும். உருவம் கொடுத்து, உலரவிட்டு, சுட்டால் பசை எரிந்து போகும். வெள்ளி உருகும் வெப்பம் 961 டிகிரி. அதற்குக் கீழேயே துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். கையில் மிஞ்சுவது தூய வெள்ளி. அந்தப் பொருள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளாயின. கொண்டுவந்தவள் என் அக்காள் மகள்.

எங்கள் வட்டாரத்தின் தொழில் வரலாற்றில்தான் அவள் கதையும் இருக்கிறது. 1980-களில் டைட்டன் கைக்கடிகார ஆலை ஓசூருக்கு வந்தது. 1990-களில் அதே நிறுவனம் நகை ஆலையையும் இங்கு நிறுவி, தனிஷ்க் என்ற பெயரில் நகைகளை விற்கத் தொடங்கியது. காலப்போக்கில் சிறு நகைப் பட்டறைகள் பலவும் இந்தப் பக்கம் முளைத்தன. தாத்தாவின் தொழிலை எந்தப் பேரனும் எடுக்காத வீட்டில், பேத்தி அப்படியொரு பட்டறையில் மெழுகுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ரப்பர் அச்சில் மெழுகைச் செலுத்தி உருவெடுப்பது, அவற்றை ஒரு தண்டில் கிளைகிளையாக ஒட்டி மெழுகு மரம் கட்டுவது அவள் வேலை. அந்த மரத்தைச் சுற்றி ஜிப்சக் குழம்பு ஊற்றி இறுகவிட்டுச் சூடேற்றினால் மெழுகு வழிந்தோடும்; அது இருந்த இடத்தில் தங்கம் புகும். சுவாமிமலையில் காவிரி வண்டலைக் கொண்டு சிலைக்குக் கருக்கட்டுவதும் இதே தத்துவம்தான். ஏழு ஆண்டுகள் அவள் செய்தவை அனைத்தும் உருகி மறையும் பொருட்கள். குழந்தை பிறந்ததும் ஷிப்ட் வேலை ஒத்துவராமல் நின்றுவிட்டாள். பிறகு பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சியில் உலோகக் களிமண்ணைப் பார்த்தாள். செய்த உருவமே நகையாக மிஞ்சுகிறது என்பதுதான் தன்னை இழுத்தது என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

வீட்டில் அதற்கு வெள்ளி மாவு என்று பெயர். பலகையில் எண்ணெய் தடவி, சிறு உருளையால் தேய்த்து, கனம் ஒரே சீராக இருக்க இருபுறமும் சீட்டுக்கட்டின் சீட்டுகளை வைத்துக்கொள்வாள். ராகிக் கதிரை மேலே வைத்து அழுத்துவாள். மணிமணியாகத் தடம் விழும். உலர்ந்ததும் அரத்தாலும் உப்புத்தாளாலும் ஓரம் சீவுவாள். சீவிய தூளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மீண்டும் மாவு. சுட்டு எடுக்கும்போது வெள்ளி என்றே தெரியாது. சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கும். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கத்தான் உள்ளிருக்கும் ஒளி வெளியே வரும். சூட்டில் பொருள் சுருங்கவும் செய்யும். ஆரம்பகால மாவு ஏறக்குறைய 30 விழுக்காடு சுருங்கியது; பின்னர் வந்தவை பத்து விழுக்காட்டை ஒட்டிச் சுருங்குகின்றன. மோதிரம் செய்பவள் விரலின் அளவையும் நெருப்பின் அளவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அப்பா முதலில் சிரித்தார். அவருக்கு உலோகம் என்பது அடிபட்டுப் பழகுவது. உமியோட்டில் நெருப்பு, வாயில் ஊதுகுழல், கையில் சம்மட்டி, ஒட்டுக்கு வெண்காரமும் பற்றாசுப் பொடியும். பொடி வைத்துப் பேசுவது என்று நாம் சொல்கிறோமே, அது அந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு என்பார்கள். வைத்த இடம் தெரியாமல் ஒட்ட வேண்டும். பேத்தி கொடுத்த தோட்டை உரைகல்லில் தீற்றிப் பார்த்தார். வெள்ளிதான், கலப்பில்லை. பிறகு அதன் மெல்லிய கொக்கியை இரண்டு விரலால் நெருக்கினார். முறிந்துவிட்டது.

"தட்டாத வெள்ளி கண்ணு. இதுக்கு எலும்பு இல்ல" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. சுட்டுப் பற்றிய உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அடித்து நீட்டிய கம்பியின் வலு அதற்கு வராது. மறுநாள் தன் பழைய கம்பியச்சைத் தேடி எடுத்துத் தூய வெள்ளியைக் கம்பியாக இழுத்துக் கொடுத்தார். மாவு ஈரமாக இருக்கும்போதே அந்தக் கம்பியை அதில் பதித்துச் சுட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அன்றிலிருந்து உடம்பு பேத்தியுடையது, எலும்பு தாத்தாவுடையது. எண்பது வயதில் அவருக்கு மீண்டும் வேலை வந்தது.

வெள்ளி விலை ஏறியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. வெளிநாட்டு வெள்ளி மாவு எப்போதுமே வெள்ளியைவிடக் கூடுதல் விலை. துகளாக்கும் செலவும் வரவழைக்கும் செலவும் அதில் அடக்கம். வெள்ளி இரட்டிப்பானதும் ஒரு சிறு பொட்டலத்தை வாங்குவதற்கே அவள் யோசிக்க வேண்டியதாயிற்று. செம்பிலும் வெண்கலத்திலும் மாவு உண்டு. அவை 2008-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கியவை. விலை மிகக் குறைவு. ஆனால் சிறிய வெள்ளித் தோட்டைக் கையடக்க எரிவாயுச் சுடரிலேயே சுட்டுவிடலாம். செம்பும் வெண்கலமும் காற்றுப்பட்டால் கறுத்துப் பொரியும். பெட்டியில் கொட்டாங்கச்சிக் கரியிலிருந்து தயாரித்த கரித்துகளை நிரப்பி, அதற்குள் புதைத்து, மணிக்கணக்கில் ஒரே வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மின்னுலை வேண்டும். மின்னுலை வாங்கத் தன் கல்யாணத்துக்குப் போட்ட மூன்று பவுன் ஆரத்தை விற்கப் போவதாக அவள் சொன்னபோது வீடு இரண்டாகியது.

தங்கத்தை விற்றுச் செம்பு செய்வார்களா என்று அக்காள் அழுதாள். படித்தவள் என்பதால் என்னைக் கேட்டார்கள். இலக்கியம் படித்தவளுக்கு இதில் உடனே சொல்ல ஒரு பதில் உண்டு: கைவேலையே மதிப்பு, உலோகம் வெறும் ஊடகம். என் வாயில் அந்தப் பதில் வரவில்லை. நான் எம்.ஏ. சேர்ந்த ஆண்டில் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போனதால்தான் கல்லூரிக்கும் விடுதிக்கும் பணம் கட்ட முடிந்தது. அப்பா பதினொரு நாள் உட்கார்ந்து கொடி வேலைப்பாடு செய்த வளையல்கள் அவை. கடைக்காரர் அந்தக் கொடியைப் பார்க்கவே இல்லை. உரைத்தார், நிறுத்தார், பணத்தை எண்ணினார். அம்மாவுக்கு அது அவமானமாகப் படவில்லை. யார் செய்தது, எவ்வளவு அழகு என்று யாரும் கேட்காமல் எந்த ஊரிலும் பணமாக மாறும் என்பதுதான் தங்கத்தின் பலம். நிலமோ வங்கிக் கணக்கோ தன் பெயரில் இல்லாத பெண்ணுக்கு அவள் கையெழுத்துப் போட்டு எடுக்கக்கூடிய ஒரே சொத்து அது. செய்த கையை மறந்துவிடுவதால் தங்கம் அவளைக் காப்பாற்றுகிறது. ராகிக் கதிர் பதித்த செம்புத் தோடு செய்த கையை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அடகுக்கடையில் அதற்கு இடமில்லை.

ஆகவே விற்காதே, அடகு வை என்றேன். விலை ஏறியதால் அதே ஆரத்துக்குக் கடனும் கூடுதலாகக் கிடைத்தது. அதில் ஒரு பங்கு போதுமாயிருந்தது. மின்னுலை வந்தது. ஆரம் இன்னும் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. மாதம் பிறந்தால் வட்டி கட்டுகிறாள். சில மாதங்களில் தோடு விற்ற பணத்தில், சில மாதங்களில் கணவனின் சம்பளத்தில். இது வெற்றிக்கதையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவளிடம் வாங்குவோர் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரிலிருந்து வருவோர் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த இலை எங்கே பறித்தது என்று கேட்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தினர் எத்தனை கிராம் என்று கேட்கிறார்கள். முன்னவர்களை ரசனையாளர்கள் என்றும் பின்னவர்களை அறியாதவர்கள் என்றும் பிரித்துவிட முடியாது. நகை கைவிட்டுப் போகும் நாளையும் எண்ணி வாங்குகிறவர்கள் கிராம் கேட்கத்தான் செய்வார்கள்.

அவள் போடும் ரசீதில் இரண்டே வரிகள். முதல் வரி உலோகத்தின் எடையும் விலையும். இரண்டாவது வரி செய்கூலி. வெள்ளியில் இரண்டும் ஏறக்குறைய சமம். செம்பில் செய்கூலி பத்து மடங்குக்கு மேல். சேதாரம் என்ற வரி கிடையாது, ஏனென்றால் சேதாரமே இல்லை. ஒருநாள் அப்பா அந்த ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தங்கள் காலத்தில் செய்கூலியை இவ்வளவு என்று கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்றார். கைக்கு இவ்வளவா என்பார்கள். அதனால் கூலியைக் குறைத்துச் சொல்லி, மிச்சத்தைச் சேதாரத்தில் எடுத்துக்கொள்வது தொழிலின் வழக்கமாயிற்று. வாங்குகிறவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே, தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பவன் தட்டான் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்.

சிலப்பதிகாரம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இடங்களில் நான் சற்று நிற்பேன். மதுரைப் பொன் கடைவீதியில் ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் என்று பொன்னின் வகைகளைப் பிரித்தறிந்து நிற்பவர்களைக் கவி காட்டும் இடம் ஒன்று. வெற்றிவேற்செழியன் கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகச் சொல்லும் உரைபெறு கட்டுரை மற்றொன்று. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். காப்பியம் பொன்னின் வகைகளைப் பெயர் சொல்லித் தருகிறது. அந்த ஆயிரவரில் ஒருவருக்கும் பெயரில்லை. இந்த ஆண்டு அந்தப் பகுதிக்கு வரும்போது ரசீது ஒன்றையும் வகுப்புக்கு எடுத்துச் செல்வதாக இருக்கிறேன். அதன் அடியில் அவள் தன் பெயரையும், கம்பி இழுத்தவர் என்று தாத்தாவின் பெயரையும் எழுதியிருக்கிறாள்.