தலையெழுத்தா? பலகை எழுத்தா?

"பட்டம் பெற்றாய், பள்ளியில் ஆசிரியையாகவும் ஆகிவிட்டாய், இன்னும் என்ன குறை உனக்கு?" என்று கேட்கிறார்கள். எனக்குக் குறையில்லை, தோழர்களே! என்னோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்து, பாதியில் எழுந்துபோனவள் ஒருத்தி உண்டு. அவளை எண்ணும்போதெல்லாம் என் பட்டத்தாள் என் கையில் கனக்கிறது. அவள் பொருட்டே இன்று எழுதுகிறேன்.

கோபாலபுரம் என்றதும் அரசியல் அறிந்தோர் நெஞ்சில் ஒரு தலைவரின் இல்லம் தோன்றும். எனக்குத் தோன்றுவது, அவ்வை சண்முகம் சாலையை ஒட்டிய கிளைத்தெரு ஒன்றில், மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டி. என் தந்தையின் வண்டி அது. வழக்கறிஞரின் அங்கியும், பேராசிரியரின் வெள்ளைச் சட்டையும், மாணவியரின் தாவணியும் அந்தக் கரிப்பெட்டியின் சூட்டில்தான் மடிப்புப் பெற்றன. கல்லூரிக்குப் போன ஆடைகள் ஆயிரம் எங்கள் வண்டியைக் கடந்து போயின. எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவரும் போனதில்லை. நான்தான் முதல்வி.

சேர்ந்த நாளன்று தந்தையார் என் உடையைத் தேய்த்துக் கையில் கொடுத்தார். "அங்கே என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும், எனக்கு எதுவும் தெரியாதம்மா. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். அன்புக்குப் பஞ்சமில்லாத வீடு எங்கள் வீடு. ஆனால், அன்பு வேறு. வழி அறிந்திருத்தல் வேறு.

கல்லூரியில் வகுப்பு நடந்தது ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே! 'இன்டர்னல்' என்றார்கள், 'அசைன்மென்ட்' என்றார்கள், 'அரியர்' என்றார்கள். பக்கத்திலிருந்தவர்களுக்கு அண்ணன் சொல்லியிருந்தான், அத்தை சொல்லியிருந்தாள். எனக்கு யார் சொல்வார்? கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். கேட்க நாணினேன். 'இது கூடத் தெரியாதவள் ஏன் இங்கு வந்தாள்?' என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் என் வாயைப் பூட்டியது.

என்னைப் போலவே வாய் பூட்டிக் கிடந்தவள்தான் அந்தத் தோழி. சென்னைக்கு வடக்கேயிருந்து, விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி வருவாள். என்னைவிட நன்றாகப் படிப்பாள். இரண்டாம் பருவத்தில் அவளுடைய தாய் நோய்ப்படுக்கையில் விழுந்தார். அடுப்பும் தங்கையும் அவள் தலையில் விழுந்தன. வாரங்கள் சில கழித்து அவள் திரும்பி வந்த அன்று, அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. வருகை குறைந்தோர் பட்டியல் அது. அதில் அவள் பெயரும் இருந்தது.

நெடுநேரம் அதையே பார்த்து நின்றாள். "என் தலையெழுத்து இவ்வளவுதான்" என்றாள். போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஏனெனில், அந்தப் பலகைதான் இறுதித் தீர்ப்பு என்று நானும் நம்பினேன்!

அடுத்த பருவத்தில், மாடிப்படியடியில் உணவு உண்ணும்போது, மூத்த மாணவி ஒருத்தி என்னருகே வந்து அமர்ந்தார். பேச்சுக்கிடையே இந்தக் கதையைச் சொன்னேன். "அடடா! மருத்துவச் சான்றிதழை வைத்து ஒரு விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டியிருந்தால் தேர்வு எழுத விட்டிருப்பார்களே! அதற்கு விதி இருக்கிறதே! போன ஆண்டு நானே அப்படித்தான் எழுதினேன்" என்றார்.

ஒரு தாள்! ஒரு கையெழுத்து! ஒரு சிறு கட்டணம்! அவ்வளவே தேவைப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் ஊருக்கு ஓடினேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மணம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "சாதகத்தில் படிப்பு இல்லை என்று சோதிடர் அப்போதே சொன்னார்" என்றார் அவளுடைய பாட்டி. கோள்களின் மீது பழிபோட்டு அந்தக் குடும்பம் ஆறுதல் தேடிக்கொண்டது. சனியா அவளைத் தடுத்தது? எந்தச் சனியும் அலுவலகத்தில் அமர்ந்து விண்ணப்பத்தை மறுக்கவில்லை. விண்ணப்பம் என்ற ஒன்று உண்டென்று சொல்ல ஆளில்லை, அதுதான் தடுத்தது. தலையெழுத்து என்று அவள் சொன்னது பலகையில் ஒட்டிய எழுத்து. ஒட்டியதைக் கிழிக்கவும் முடியும், மாற்றி எழுதவும் முடியும்.

வாசலைத் திறக்க நம் முன்னோர் பட்டபாடு கொஞ்சமா? கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி ஆணை செல்லாதென 1950இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. தமிழகம் கொதித்தெழுந்தது. 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. கதவு மீண்டும் திறந்தது. உயர்கல்வி வயதினரில் நூற்றுக்கு 47 பேர் என்ற விகிதத்தில் தமிழ்நாட்டில் கல்லூரியில் சேர்ந்திருந்ததாக 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கணக்கெடுப்பு கூறுகிறது. இந்திய அளவில் அது 28. அரசுப்பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024இல் வந்தது. என் தோழியின் காலத்தில் இவை இல்லை. இருந்திருந்தால் பேருந்துச் செலவுக்கு உதவியிருக்கும். பலகையைப் படித்துப் பொருள் சொல்லியிருக்குமா?

இந்த உண்மையை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்தார் ஒருவர். திருவல்லிக்கேணியில் மருத்துவராயிருந்த டாக்டர் சி. நடேசனார்தான் அவர். வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குச் சென்னையில் தங்க இடமில்லை; உணவு விடுதியிலும் சாதி குறுக்கே நின்றது. அவர்களுக்காக 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் அங்கே தங்கிப் பயின்றவர்! அதற்கு முன்பே, 1912இல் தோன்றிய திராவிடர் சங்கத்தின் வழியாக, புதிதாகப் பட்டம் பெற்றவர்களை அழைத்துப் பாராட்டும் வழக்கத்தையும் நடத்தினார்கள். ஏன் அந்தப் பாராட்டு? 'நம்மில் ஒருவர் ஏறிவிட்டார்; நாமும் ஏறலாம்' என்று அடுத்தவன் கண்ணால் காண வேண்டுமே, அதற்காக! படுக்க இடமும் உண்ணச் சோறும் மட்டுமா அந்த இல்லம் தந்தது? இரவில் விளக்கைச் சுற்றி அமர, தன்னைப் போன்ற நால்வரையும் தந்தது.

கடல் கடந்தும் இதே பாடந்தான். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்பவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர் பலர் ஏன் தோற்கின்றனர்? ஊக்கமில்லை, வீட்டில் அக்கறையில்லை என்றெல்லாம் பலர் காரணம் கற்பித்தனர். டிரைஸ்மன் மாணவர்களின் அறைக்கே சென்று பார்த்தார். சொன்ன காரணங்கள் பொய்த்தன. சீன வழியினரான மாணவர்கள் கூடிப் படித்தார்கள். ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பின மாணவர்களோ கடுமையாக உழைத்தார்கள். ஆனால் தனித்தனியே உழைத்தார்கள்! தனக்கு வந்த இடர் தனக்கு மட்டுமே வந்ததென்று எண்ணிக் குமைந்தார்கள். கூடிப் பயிலும் பட்டறைகளை அவர் அமைத்தபின் தேர்ச்சி உயர்ந்தது. தனிமைதான் அவர்களைத் தோற்கடித்தது. தகுதிக் குறைவு அன்று.

இதைப் படித்தபோது என் மாடிப்படியடி நினைவுக்கு வந்தது. அன்று அந்த அக்கா வந்து அமரவில்லையெனில் நானும் தனியே குமைந்து திரும்பியிருப்பேன்.

ஆதலால், மூன்றாண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். பன்னிரண்டு பேர் வருவர். சில நாள் ஐவர். பெயர்ப்பலகை இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடை இல்லை. கார் துடைப்பவர் மகன், வீட்டுவேலை செய்பவர் மகள், ஆட்டோ ஓட்டுநர் மகன். பாடம் சொல்வது நானல்ல. முதலாண்டு மாணவனுக்கு இரண்டாமாண்டு மாணவன் சொல்கிறான். அறிஞர் சொன்னால் அவனுக்கு அச்சம். நேற்று அதே இடத்தில் இடறியவன் சொன்னால் நம்பிக்கை.

முதல் அரைமணி நேரம், இந்த வாரம் எனக்குப் புரியாதது எது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் ஆங்கிலப் பாடத்தில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துத் தமிழில் விளக்குவோம். இறுதியில் உதவித்தொகை, மறுமதிப்பீடு, வருகை விலக்கு என ஏதேனும் ஒரு விண்ணப்பத் தாளை நடுவில் வைத்து வரிவரியாகப் படிப்போம். சென்ற மாதம் ஒரு பெண் எழுந்து, "அக்கா, 'அரியர்' வைத்தால் கல்லூரியை விட்டு நீக்கிவிடுவார்களா?" என்று கேட்டாள். பாதிப்பேர் சிரிக்கவில்லை, அவர்களுக்கும் அந்த ஐயம் இருந்தது! மீண்டும் எழுதலாம் என்று ஒருவன் சொன்னதும் மாடியே பெருமூச்சு விட்டது.

எல்லாம் வெற்றியென்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவன் எங்களையும் மீறி நின்றுவிட்டான். வீட்டுக் கடன் அவனை வேலைக்கு இழுத்தது. பசியைக் கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாது. அதற்கு அரசு வேண்டும், சட்டம் வேண்டும். ஆயினும், பசியால் போனவன் வேறு, ஒரு தாள் இருப்பதை அறியாமல் போனவள் வேறு. பின்னவளைத் தடுத்து நிறுத்த நம் நாவே போதும்.

"தகுதியுள்ளவன் தானே கரையேறுவான்" என்பாருண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனும் அத்தையும் மாமனும் இருபது ஆண்டு ஊட்டியதைத்தான் தகுதி என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். அண்ணன் இல்லாத வீட்டுக்கு நாம் அண்ணனாவோம், அக்காவாவோம்! இதை இரக்கமென்று எண்ணாதீர். பட்ட கடன் இது.

எங்கள் மாடியில் ஒரே விதி: பெற்றவர், அடுத்த ஆண்டு இருவருக்குத் தர வேண்டும். படித்த இளைஞனே, உன் தெருவில் இந்த ஆண்டு முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாதெனில் இன்று மாலையே கேட்டறிந்து வா. அறிவிப்புப் பலகையின் முன் அந்தப் பிள்ளை நிற்கும்போது, அருகில் நீ நில்.

என் தோழி நின்றபோது நான் ஊமையாக நின்றேன். நீ பேசு!