ஜூன் மாதக் கட்டணமும் மார்ச் மாத உதவித்தொகையும்

தோழர்களே, பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் போனுக்கு ஓய்வு கிடையாது. "அக்கா, சீட் கிடைச்சிடுச்சு. ஒரு வாரத்துல பணம் கட்டணுமாம்." பாதி அழைப்புகள் இப்படித்தான் தொடங்குகின்றன. விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துச் சேரிகளில் சமூகப் பணி செய்யும் எனக்கு, ஜூனும் ஜூலையும் சந்தோஷமும் பதற்றமும் ஒன்றாக வரும் மாதங்கள்.

"உங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் இருக்கே, அப்புறம் என்ன?" என்று வெளியாட்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. அது எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

2024-இல் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அப்பா தினக்கூலி. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். குடும்பம் அலைந்து திரிந்து பணத்தைப் புரட்டி முடிப்பதற்கும், மாலை 5 மணிக்கு இணையதளம் மூடுவதற்கும் சரியாக இருந்தது. இடம் போனது. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30-ஆம் தேதி தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், நமக்குத் தெரிந்தது. போகாதவர்கள் எத்தனை பேர்? செங்கல் சூளைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டவர்களை நான் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தொகையைப் பார்த்தால் பெரிதுதான். ஆனால் மாணவர் விண்ணப்பிக்க வேண்டும், கல்லூரி சரிபார்க்க வேண்டும், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். மாநிலப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் மத்தியப் பங்கு வரும். நான் பார்த்தவரையில் இது முடிய மார்ச் ஆகிவிடுகிறது, சிலருக்கு அடுத்த ஆண்டும் ஆகிவிடுகிறது. கல்லூரியோ ஜூனிலேயே கட்டணம் கேட்கிறது.

இடைப்பட்ட மாதங்களை யார் தாங்குகிறார்கள்? அம்மாவின் தோடு தாங்குகிறது. மகளிர் குழுக் கடன் தாங்குகிறது. அதுவும் இல்லாத வீட்டில் கந்துவட்டி தாங்குகிறது. அரசு தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கட்டுவது நம் தாய்மார்கள். எந்த பட்ஜெட் கணக்கிலும் அந்த வட்டி வராது.

பணம் நேரடியாக மாணவர் கணக்குக்கு வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். பல மாநிலங்களில் கல்லூரிகள் போலிப் பெயர்களில் உதவித்தொகையைச் சுருட்டியது உண்மை. அதைத் தடுக்க வேண்டியதும் உண்மை. ஆனால் இதில் இன்னொன்றும் நடந்துவிட்டது. முன்பு கட்டணம் வரவில்லையென்றால் அது அரசுக்கும் கல்லூரிக்கும் இடையிலான பாக்கி. இன்று அதே பாக்கி மாணவர் பெயரில் இருக்கும் கடன். ஹால் டிக்கெட் தராமல் நிறுத்தப்படுவது அவர். டி.சி. கேட்டு அலைவது அவர். வகுப்பில் "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றால் எழுந்து நிற்பதும் அவர்தான். எழுந்து நின்றதற்காகவே மறுநாளிலிருந்து கல்லூரிக்குப் போகாத ஒரு தங்கையை எனக்குத் தெரியும். அவள் வீட்டில் பணம் ஏற்பாடாகியிருந்தது. அவளால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு நிமிடம்.

இது எங்கிருந்து தொடங்கியது என்று நினைத்துப் பார்க்கலாம். 1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில். பதிலுக்குப் பரோடா அரசில் பத்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம். வேலை செய்யப் போன ஊரில் தீண்டாமையால் தங்க இடம் கிடைக்காமல் திரும்பினார். பிறகு 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். 1944-இலிருந்து இந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது. ஒரு மன்னரின் மனதை நம்பியிருந்த ஒன்றை அரசின் கடமையாக மாற்ற அவர் உழைத்தார். அந்தக் கடமையை இன்று அரசு தாமதத்தால் மீண்டும் சலுகையாக ஆக்கிக்கொண்டிருக்கிறது.

ரோகித் வெமுலாவை நாம் மறக்கவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத ஃபெலோஷிப் பாக்கியையும் எழுதியிருந்தார். பாக்கி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் மே மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். ஊரில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்குதான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். இந்த ஒரு காரணத்தால் திரும்பிப்போன பணத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடையாது என்பதைச் சேர்வதற்கு முன்பே பெற்றோரிடம் சொல்லுங்கள். சான்றிதழ்களின் அசலைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

முக்கியமானது ஃப்ரீஷிப் கார்டு. தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமலே கல்லூரியில் சேர்வதற்கான இந்த ஏற்பாடு மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. அட்மிஷனுக்கு முன்பே ஒவ்வொரு மாணவர் கையிலும் அது இருக்க வேண்டும், கல்லூரிகள் அதை மதிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும். கூடவே பராமரிப்புப் படியையும் பேசுவோம். வீட்டிலிருந்து பி.ஏ. படிக்கப் போகும் ஒருவருக்கு 2021 நெறிமுறைப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்குமே போதாது.

உங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் உதவித்தொகை வந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் தேதிகளை நோட்டீஸ் அடித்து விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஜூனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஜெய் பீம்.