பரணில் ஒரு செங்குத்துக் கம்பி

விமானிகளுக்கும் தரைக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் இடையே நடக்கும் பேச்சை வீட்டிலிருந்தபடி ஸ்கேனரில் கேட்கும் பொழுதுபோக்குக்கு அமெரிக்கப் புறநகர்களில் குறுக்கே நிற்பது பெரும்பாலும் அரசின் சட்டமன்று, வீட்டுரிமையாளர் சங்கங்களின் விதிகளே ஆகும். டிவி ஆன்டெனாவையும் 1 மீட்டருக்கு மிகாத டிஷ்ஷையும் தம் ஆளுகையிலுள்ள இடத்தில் நிறுவிக்கொள்ளும் உரிமையை ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம் 1996-ல் விதி வகுத்துக் காத்தது என்றாலும், ஸ்கேனருக்கான ஆன்டெனாக்கள் அந்தக் காப்புக்குள் வருவதில்லை. ஆகவே, அடுக்ககத்தில் குடியிருப்பவருக்கு ஒரு சன்னலோரமும், தனி வீட்டில் இருப்பவருக்குக் கூரையை அடுத்த பரணுமே மிஞ்சுகின்றன.

இந்த நெருக்கடி பார்வைக்குத் தோன்றும் அளவுக்குக் கடுமையானதன்று. விமானப் பேச்சு நடைபெறும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையின் நடுவில், ஓர் அலை முழுமையாக நீளும் தொலைவு, அதாவது அலைநீளம், ஏறக்குறைய 2.36 மீட்டர்; அதில் பாதி நீளமுள்ள ஆன்டெனாவே நிறைவாக வேலை செய்யும் என்பதால், தேவைப்படும் உயரம் ஓர் ஆளின் உயரத்தையும் எட்டுவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையில் கேட்பவர் அதே அரை அலைக்கு 20 மீட்டருக்கு மேற்பட்ட கம்பியை எங்கே கட்டுவது என்று திகைக்க வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால், விமான அலை இடமற்றவர்களிடம் இரக்கம் கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை; பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பவரை அவை எளிதில் எட்டுவதில்லை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல், இடையில் மலையோ கட்டடமோ மறைக்காவிட்டால், தரையிலிருக்கும் ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய 420 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் வரக்கூடும். 30 மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து பேசும் கட்டுப்பாட்டாளரின் குரலோ 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்கவில்லையே என்று ஆன்டெனாவை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்செலவு. ஆன்டெனாவைச் சில மீட்டர் மேலே ஏற்றுவது தரும் பயனை, அதன் விலையை இருமடங்காக்குவது தராது.

விளம்பரங்களில் முன்நிறுத்தப்படும் டெசிபல் எண்களையும் இதே ஐயத்தோடுதான் அணுக வேண்டும். ஆன்டெனா தன் வலிமையைப் புதிதாகப் படைப்பதில்லை. எல்லாத் திசைகளிலும் பரவியிருக்கும் கேட்புத் திறனை ஒரு பக்கம் குவித்து மற்றொரு பக்கம் குறைக்கிறது. அரை அலைக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நெடிய ஆன்டெனா அத்திறனை அடிவானத்தை நோக்கித் தட்டையாக்குவதால், கண்ணெதிரே ஏறியும் இறங்கியும் செல்லும் விமானங்கள் அதன் கற்றைக்கு வெளியே போய்விடலாம். கூம்பும் தட்டும் சேர்ந்த டிஸ்கோன் ஆன்டெனா மிக அகன்ற அலைப்பரப்பைக் கேட்க உதவுவது. விமானப் பேச்சை மட்டும் நாடுபவருக்கு அதன் பருமன் தேவையற்ற சுமை.

எஞ்சுவது எளிய டைபோல். தலா 56 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு செப்புக் குழாய்களை ஒரு பிளாஸ்டிக் துண்டின் இருபுறமும் பொருத்தி, கோஆக்சியல் கேபிளின் உட்கம்பியை மேற்குழாயோடும் வெளிப்பின்னலை அடிக்குழாயோடும் இணைத்து, கேபிளைக் குறைந்தது அரை மீட்டருக்குக் கிடைமட்டமாக விலக்கிக்கொண்டு போனால் அது நிறைவடைகிறது. மெல்லிய கம்பியைவிடத் தடித்த குழாய் பட்டை முழுவதிலும் சீராக இயங்கும். குழாய்கள் செங்குத்தாக நிற்பது இன்றியமையாதது. விமான வானொலியின் மின்புலம் செங்குத்தாக அதிர்வதால், பரணில் பழைய டிவி ஆன்டெனாவைப் போலக் குழாய்களைக் கிடையாக வைத்தால் குறிப்பலையின் பெரும்பகுதி இழக்கப்படும். செங்குத்து டைபோலுக்குத் தலைக்கு நேர் மேலே காது கேட்காது என்பது உண்மையே. ஆனால் அங்கே வரும் விமானம் மிக அருகில் இருப்பதால் அந்தக் குறை யாருக்கும் தெரிவதில்லை.

மரச்சட்டமும் தார் ஓடும் கொண்ட கூரை இவ்வலைகளைப் பெரிதும் தடுப்பதில்லை; வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டப்பட்ட கூரையும், உலோகப் பூச்சுள்ள சன்னல் கண்ணாடியும் தடுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். விமானப் பேச்சு, அலையின் வீச்சை ஏற்றி இறக்கிக் குரலைச் சுமத்தும் வீச்சுப் பண்பேற்ற முறையில் நடப்பதால், எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் அதில் நேராகக் கலந்துவிடுகிறது. சன்னலருகே கையை நீட்டி ஆன்டெனாவை ஓரடி நகர்த்தினாலே கரகரப்பு அடங்குவதுண்டு. பக்கத்திலேயே 108 மெகாஹெர்ட்ஸ் வரை நிற்கும் எஃப்எம் நிலையங்கள் வலுவானவையாயின், அவற்றைத் தடுக்கும் வடிகட்டி பயன் தரும். வடிகட்டியின்றிப் பெருக்கியைச் சேர்த்தால் தொல்லைதான் பெருகும்.

இவ்வளவு செய்தும் கட்டுப்பாட்டாளரின் குரல் எட்டாத வீடுகள் பல உண்டு. எனினும் உயரம், பாதை, அலைவரிசை முதலியவற்றில் தரப்படும் ஆணைகளை விமானி திருப்பிச் சொல்லியே ஏற்க வேண்டும் என்பது வான்வழி நடைமுறை. அதனால் கேட்காத பாதியில் இன்றியமையாத பகுதி, சற்றுத் தாமதமாக, விமானியின் வாயிலிருந்தே பரணுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.