சில்லின் போக்கும் கையின் பிடியும்

நெடுவீதியில் விரையும் மோட்டார் சைக்கிளை நிலைதவறாது செலுத்துவது ஓட்டுபவனின் கைவலிமையே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. முன்சில்லைத் தாங்கும் கவை சாய்வாக அமைந்தது. கைபிடி திரும்பும் அச்சைக் கோடாக நீட்டினால், சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது வீதியைத் தொடும். நெடும்பயண வண்டிகளில் இவ்விடைத்தூரம் ஏறத்தாழ 10 சென்றிமீற்றர். இதனால் முன்சில்லு பின்னிழுபட்டு, தானே நேர்வழிக்குத் திரும்புகிறது. சுழலும் சில்லின் பம்பரக் குணமும் துணைநிற்கிறது. ஆயினும், இவ்விரண்டும் இல்லாத சைக்கிளும் தானே நிமிர்ந்தோடும் என்று 2011 இல் ஆய்வாளர் சிலர் செய்து காட்டினர். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர் முகத்தில் எழும் ஐயம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

என் தங்கையின் மகனுக்கு வவுனியாவில் வேலை. கிழமைதோறும் கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வந்து திரும்புவான். சோளகக் காலத்தில் ஆனையிறவைக் கடக்கையில் வண்டி பாம்புபோல நெளிகிறது என்று அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். வண்டியை விற்றேயாக வேண்டுமென்றாள் தாய். தீர்ப்பு என்னிடம் வந்தது. நான் முதலில் வண்டியைப் பார்த்தேன்.

பின்சில்லின் அச்சுக்கும் அப்பால் ஓர் அரிசிப்பை. அதன்மேல் ஒரு பெட்டி! இவ்வாறு பின்னும் மேலுமாகப் பாரம் ஏறினால் முன்சில்லு இலேசாகிப் பிடிப்பை இழக்கும். வண்டி முழுவதும் விநாடிக்கு இரண்டு முதல் நான்கு முறை இருபுறமும் ஆடத் தொடங்கும். ரயர்களிலும் காற்றுப் போதாது. (ஓட்டுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில் அளப்பதே சரியான அளவு.) முன்சில்லை உயர்த்திக் கவையை முன்பின்னாக அசைத்தபோது 'டக்' என்றது. கழுத்துப் பெயரிங் தளர்ந்திருந்தது.

"காற்று வலப்புறமிருந்து தள்ளினால் என்ன செய்வாய்?" என்றேன்.

"இறுக்கிப் பிடிப்பேன், மாமா."

அதுதான் கேடு. இறுகிய கை, தானே திருந்த முயலும் சில்லைத் தடுப்பதோடு, உடலின் அசைவையும் கைபிடிக்கு ஏற்றிவிடுகிறது. முழங்கால்களால் தாங்கியை அணைத்து, கைகளைத் தளரவிட்டு, வலப்பிடியை மெல்ல முன்னே தள்ளவேண்டும். சில்லு கணநேரம் இடப்பக்கம் திரும்ப, வண்டி வலப்பக்கம் சாய்ந்து காற்றை எதிர்த்து நிற்கும். அவன் நம்பவில்லை. சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரருள் மூத்தவரான வில்பர், வலப்பக்கம் திரும்ப விரும்புவோர் தம்மையறியாமல் முதலில் இடப்பக்கமே கைபிடியைத் திருப்புவதைக் கவனித்தவர் என்றேன். ஆளரவமற்ற வெளியில் ஓட்டிப் பார்த்தபின்பே நம்பினான். ஆட்டம் கண்டால் திடீரென பிறேக் பிடியாது, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் சொன்னேன்.

பெயரிங் மாற்றியாயிற்று. அரிசி இரு பக்கப் பைகளிலும் சமமாக, தாழ்வாகப் போகிறது. பெட்டி பஸ்ஸில் போகிறது. நெளிவு நின்றதென்கிறான். தங்கை மட்டும் நிபந்தனையைத் தளர்த்தவில்லை: போகும்போது பரந்தனிலும், வரும்போது இயக்கச்சியிலும் நின்று அவளுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும்.