பார்ப்பதும் நனைவதும்

அண்ணன் மகன் ஸூரிக்கிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் ராத்திரி, கடையநல்லூர் வீட்டுத் திண்ணையில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனில் படம் காட்டினான். மனைவியும் குழந்தையுமாக ஒரே நாளில் போய்வந்த இடங்கள். லூஸர்ன் ஏரி, இரண்டு ஏரிகளுக்கு நடுவே இன்டர்லாக்கன், கடைசியில் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. அங்கே செங்குத்துப் பாறையிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் விழுகிறது ஷ்டவ்பாக் அருவி. பெயருக்குத் தூசி ஓடை என்று பொருள். தரையைத் தொடுமுன் காற்றில் பொடியாகிவிடும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: 'இதுல எங்கன நின்னு குளிப்பாவ?'

'அங்க குளிக்க மாட்டாங்க ஆச்சி. பாக்கத்தான்.'

'பாத்துட்டு?'

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. எனக்கு வெட்கப்படக் கூடுதல் காரணம் இருந்தது. அதே அருவியைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். 1779இல் கதே அதன் முன் நின்றது, மனித ஆன்மாவை நீரோடு ஒப்பிட்ட கவிதை அதிலிருந்து பிறந்தது எல்லாம் அதில் உண்டு. அதை எழுதிய காலத்தில், இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலத்துக்கு அம்மாவை ஒரு தடவைகூட அழைத்துப்போகவில்லை. அப்பா போய்ப் பதினோரு வருஷம். வழுக்கும், கூட்டம், முழங்கால் வலி. எல்லாமே உண்மையான காரணங்கள். உண்மையாக இருந்ததால் அவற்றை நான் பரிசீலிக்கவே இல்லை.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை, வாடகைக் காரில் ஐந்து பேர் கிளம்பினோம். எங்கள் ஊர் போகிறவர்களின் ஊர். முதலில் மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா, இப்போது இவனைப் போல இன்னும் தூரம். தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள், உள்ளே ஒன்றிரண்டு வயதானவர்கள். இடைகால் தாண்டியதும் சாரல் கண்ணாடியில் பட்டது. தென்காசிக் கோபுர வாசலில் குழந்தையைக் காற்று பிடித்துத் தள்ளிற்று. அது மறுபடி மறுபடி ஓடிப்போய் நின்றது. என் சிறு வயதில் அது மொட்டைக் கோபுரம், பிளந்து நிற்கும். 1990இல்தான் ஒன்பது நிலைகளும் எழுந்து குடமுழுக்கு நடந்தது. ஆனால் காற்று அன்றும் இதேதான்.

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பாதி வழியில் பொங்குமாகடலில் மோதி, எகிறி, மறுபடி விழுகிறது. வளைவை எட்டினால் போலீஸ்காரர்கள் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். அம்மா கம்பிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தாள். அவளை அங்கே நிறுத்தியது நான்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆல்ப்ஸ் மலை ஐரோப்பியர் பலருக்குப் பயங்கரம். தாண்டிப் போகவேண்டிய இடைஞ்சல். கவிஞர்கள் வந்தார்கள், ஓவியர்கள் வந்தார்கள், 1863இல் தாமஸ் குக் பயணிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலை காட்சியாயிற்று. காட்சிக்குத் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தைப் புத்தகங்கள் வழியே நானும் வாங்கிக்கொண்டேன். குற்றாலக் குறவஞ்சியில் மலையைச் சொல்கிறவள் வேடிக்கை பார்க்க வந்தவள் அல்ல. தன் மலை என்ற உரிமையில் பேசுகிறவள். அருவிக்கு அடியில் நிற்கிறவனுக்குக் காட்சியே கிடையாது. கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும், முதுகில் அடி. அந்த அனுபவத்துக்கு நம் நவீன எழுத்தில் இடம் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் இதைச் சுலபமாகக் கொண்டாடிவிடவும் முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. காட்சிக்கு வெளியே நிற்கிறவனை அது கொல்வதில்லை.

ஐந்தருவியில் அம்மா காரிலிருந்து தானாகவே இறங்கினாள். மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. 'வழுக்கும்மா' என்றேன். 'வழுக்குனா இவ புடிச்சுக்கிடுவா' என்று பேரன் மனைவியின் கையைப் பற்றினாள். குழந்தையும் போயிற்று. பெண்கள் பக்கம், எங்களுக்கு அனுமதி இல்லை. நானும் அவனும் கடை ஓரத்தில் நின்றோம். போன் அவன் கையில் சும்மா இருந்தது.

கால் மணி நேரம் இருக்கும். விசில் சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து சிலர் வேகமாக வெளியே வந்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. படியில் கால் வைத்தவனை ஒரு போலீஸ்காரர் தடுத்தார். ஒன்றும் இல்லை, வரிசை மாற்றுகிறார்கள் என்றார். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதப்போவதில்லை. அதில் அம்மாவைவிட நான் அதிகம் இருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். அம்மாவின் நரைமயிர் மண்டையோடு ஒட்டியிருந்தது, உதடு நடுங்கிற்று. பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

'உங்கப்பா இருந்தா ரெண்டு நிமிஷத்துல போதும் வான்னு சத்தம் போடுவாரு. இன்னைக்கு ஆசை தீர நின்னேன்.'

பதினோரு வருஷமாக அவள் வராததற்கு அப்பாவின் நினைவுதான் காரணம் என்று எனக்குள் ஒரு பிம்பம் வைத்திருந்தேன். துக்கத்துக்கு மரியாதை செய்வதாகவும் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பிறகு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

செங்கோட்டைக்குப் போய், பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, இருட்டியதும் வீடு திரும்பினோம். அம்மாவுக்கு நாலு நாள் ஜலதோஷம். அவன் ஊருக்குப் போனபின் படங்களை அனுப்பியிருந்தான். கோபுரம், பேரருவி, கம்பியோரம் அம்மா, பரோட்டாக் கடை. ஐந்தருவியில் ஒன்றும் இல்லை.

பழைய கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். கதே வந்த வருஷம் சரி, அருவியின் உயரம் சரி. அதில் ஒருவரும் நனையவில்லை.